ஏற்றத்தில் நிற்கிற ஜீப்

நாங்குநேரிப் பட்டறைக்கு வந்து நிற்கிற ஜீப்பின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாலே அது எந்தப் பக்கத்து வண்டி என்று தெரிந்துவிடும். திசையன்விளை, சாத்தான்குளம் வண்டி என்றால் தேரிக்காட்டுச் செம்மணல் ஹப் வரைக்கும் ஏறியிருக்கும். உவரி, கூடங்குளம் வண்டியில் உப்புக்காற்று தின்ற துரு. போல்ட் தலையில் ஸ்பேனர் பிடிக்காது. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் என்று காற்றாலை வேலைக்கு ஓடிய வண்டியின் ரேடியேட்டரில் தூசியும் புல்விதையும் அடைத்திருக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று கொண்டுவந்து திணித்தவை அவை. திருக்குறுங்குடி வண்டியில் ஈரமண்ணும் இலைச்சருகும் ஆக்சிலுக்கு மேலே ஒட்டிக் காய்ந்து கிடக்கும். சாவியை வாங்குவதற்கு முன் நான் பார்ப்பது இந்த மண்ணைத்தான். வண்டி எங்கே ஓடியது என்று தெரிந்தால் எது தேய்ந்திருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் ஜீப் என்றால் மகிந்திராதான். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி செய்த வண்டியை 1947இல் இங்கே கொண்டுவந்து பூட்டி விற்கத் தொடங்கினார்கள். பிறகு பானெட் உயரமான சிஜே 3பி வந்தது. அதன் பெட்ரோல் எஞ்சினில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். எஞ்சின் உயரம் கூடியதால்தான் பானெட்டையும் தூக்கிவைத்தார்கள். 1980களின் நடுவில் பெஜோ டீசல் எஞ்சினோடு எம்எம் 540 வந்தது, 2112 சிசி. அதன்பின் கமாண்டர், மேஜர், மார்ஷல், அர்மடா. இவற்றில் ஊருக்குள் ஆள் ஏற்றி ஓடிய பல வண்டிகளுக்கு முன் சக்கர இழுவை கிடையாது, பின் சக்கரம் மட்டும்தான். நான் இங்கே சொல்லப்போவது நாலு சக்கரமும் இழுக்கிற, எங்கள் பேச்சில் 'ஃபோர் வீல்' ஜீப்பைப் பற்றி. மணலுக்கும் மலைக்கும் அது இல்லாமல் முடியாது.

இந்தப் பழைய வண்டிகளில் கோளாறு தெரிகிற இடம் ஒன்றாகவும் அது பிறக்கிற இடம் வேறாகவும் இருக்கும். புதிய கார்களில் கம்ப்யூட்டரைச் செருகினால் ஒரு எண்ணாவது வரும். இதில் அப்படி எதுவும் கிடையாது. டிரைவர் சொல்வதும் நம் காதும் கையும் ஒரு மல்டிமீட்டரும்தான். அதனால் பலர் பாகத்தை மாற்றிப் பார்த்துக் கோளாறு தேடுகிறார்கள். செல்ஃப் மோட்டார் சுற்றவில்லையா, புது செல்ஃப். சார்ஜ் ஏறவில்லையா, புது டைனமோ. அந்தச் செலவு எல்லாம் ஜீப்பை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன் தலையில் விழுகிறது. ஒரு நடை மலைக்குப் போய்வந்தால் கையில் நிற்பது என்ன என்று எனக்குத் தெரியும். சோதித்து உறுதி செய்யாமல் ஒரு பாகத்தையும் வாங்கச் சொல்வதில்லை என்பதை நான் தொழில் விதியாகவே வைத்திருக்கிறேன்.

திருக்குறுங்குடிக்காரர் ஒருவருடைய எம்எம் 540. சமதரையில் குறை சொல்ல முடியாத ஓட்டம். மலை ஏறும்போது மூச்சுத்திணறி நின்றுவிடும். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்திருந்தார்கள். நாசில் நான்கும் புதுசு. ஃபில்டர் மாற்றியாயிற்று. அப்படியும் ஏற்றத்தில் நின்றது.

"எவ்வளவு டீசல் கெடக்கும்போது நிக்குது?" என்று கேட்டேன்.

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "டேங்க் நெறைய இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல அண்ணாச்சி. பாதிக்குக் கீழ போனாத்தான்."

இதை இதற்கு முன் அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. பாதிக் கோளாறு அந்த ஒரு பதிலில் பிடிபட்டது. பம்புக்கும் நாசிலுக்கும் டேங்கில் எவ்வளவு டீசல் கிடக்கிறது என்று தெரியாது. அளவைப் பொறுத்துக் கோளாறு வருகிறது என்றால் அது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்றை நாங்கள் எப்போதும் வைத்திருப்போம். ஃபீட் பம்புக்கு வருகிற குழாயின் நடுவில் அதைச் சேர்த்து, வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி எஞ்சினை ஓட விட்டோம். கொஞ்ச நேரத்தில் டியூபுக்குள் குமிழ் வரிசையாக ஓடிவந்தது. காற்று எடுக்கிறது. அடுத்ததாக டேங்கை விட்டுவிட்டு, ஒரு கேனில் டீசல் ஊற்றி மேலே தூக்கிக் கட்டி அதிலிருந்து நேராகக் கொடுத்தோம். குமிழ் நின்றது, எஞ்சின் ஒரே சீராக ஓடியது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. டேங்கை இறக்கி, உள்ளே டீசல் உறிஞ்சுகிற குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதித் தண்ணீரில் முக்கினோம். பாதி உயரத்தில் குண்டூசி முனை அளவுக்குத் துருத்துளை. டீசல் அதற்கு மேலே நிற்கும் வரை காற்று நுழைய வழியில்லை. ஏற்றத்தில் வண்டி சாய்ந்து டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் துளை வெளியே வந்துவிடும். டீசலோடு காற்றும் சேர்ந்து போகும். குழாயை மாற்றினோம், டேங்கைக் கழுவினோம், ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பு அடித்து ஏர் எடுத்தோம். அதோடு தீர்ந்தது. பம்ப் சர்வீஸுக்கும் நாசிலுக்கும் அவர் கொடுத்த பணத்தில் அந்தக் குழாய் பத்து வாங்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

பெட்ரோல் ஜீப்பிலும் இதே முறையில் யோசிக்கலாம், ஆனால் அங்கே வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஏறி நின்ற சிஜே 3பி அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்திருக்கலாம், அல்லது சூடேறிய இக்னிஷன் காயில் மின்சாரம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். நின்ற அந்த நிமிஷத்தில் பிளக் ஒயரில் பொறி வருகிறதா என்று பார்த்தால் எது என்று பிரித்துவிடலாம். ஆறிய பிறகு பார்ப்பதில் பயன் இல்லை. அதனால்தான் நின்ற இடத்திலிருந்தே போன் பண்ணச் சொல்வேன். என்ன பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிக் கொடுப்பேன்.

கரண்டு கோளாறுக்கு வருவோம். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த மேஸ்திரி, "மொதல்ல எர்த்தைப் பாருலே" என்பார். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சேஸுக்கு ஒரு பட்டை. எஞ்சினிலிருந்து சேஸுக்கு இன்னொன்று. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த இரண்டாவது பட்டை இல்லாமல் செல்ஃபுக்குப் போன கரண்டு திரும்பி வர நல்ல பாதை கிடையாது. ஆனால் கரண்டு சும்மா இருக்காது. ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள், எது இரும்பாக எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அது வழியாக ஓடும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டாப் கேபிள் தொட முடியாமல் சுட்டது என்று யாராவது சொன்னால் நான் எஞ்சின் எர்த்தைத்தான் தேடுவேன். உள்கம்பி உறையோடு உருகி ஒட்டிப்போன கேபிள்களைப் பார்த்திருக்கிறேன். ஆக்சிலரேட்டர் கேபிள் அப்படி ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கும்.

சோதனை எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வைக்க வேண்டும். கிளாம்பில் வைக்கக் கூடாது. மறுமுனை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் கோளாறு. அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 10 வோல்ட்டாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் சுற்றி இருந்தால் சார்ஜும் சரி. செலவு ஒன்றுமில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் கழற்றப்பட்ட செல்ஃப் மோட்டார்கள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன, ஒரு பழுதும் இல்லாமல்.

அப்படி நல்ல செல்ஃபைத் தூக்கிப்போடப் பார்க்கிற திருக்குறுங்குடிக்காரர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. பெரும்பாலான ஜீப் செல்ஃபில் பொறித்திருக்கும் லூகாஸ் டிவிஎஸ் என்ற பெயரில் இருக்கிறவர் அவர்கள் ஊரில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911இல் மதுரையில் கம்பெனி தொடங்கியவர். லூகாஸோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை வந்தது 1961இல். தங்கள் ஊர்க்காரர் பெயர் தாங்கிய மோட்டாரை மீட்டர் வைத்துப் பார்க்காமல் குற்றவாளியாக்க வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

பெயின்ட் அடித்து வந்த ஜீப்பில்தான் எர்த் கோளாறு கொட்டிக் கிடக்கும். பெயின்டர் எல்லா இடத்திலும் அடித்திருப்பார். எர்த் ஒயர் உட்கார வேண்டிய இடத்திலும் அடித்திருப்பார். வண்டி பளபளவென்று இருக்கும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து ஆடும். எஞ்சின் சூடாகிறது என்று பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். லைட்டைப் போட்டதும் முள் நகர்கிறது என்றால் தண்ணீர் சூடாகவில்லை. டாஷ்போர்டுக்கு எர்த் கிடைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு புது ஒயர் இழுத்தால் போதும். கடற்கரை வண்டிகளுக்கு, தேய்த்த இடத்தில் கொஞ்சம் கிரீஸும் பூச வேண்டும். இல்லையென்றால் உப்புக்காற்று ஒரு மழைக்காலம் கூடத் தாங்க விடாது.

எம்எம் 540இன் ஹீட்டர் பிளக் வேறு கதை. எங்கள் ஊர் வெயிலில் நான்கில் இரண்டு செத்துக் கிடந்தாலும் எஞ்சின் எழுந்துவிடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. மார்கழி விடியற்காலையில் களக்காட்டு வாழைத்தோட்டத்துக்குக் கிளம்பும்போது எழுந்திருக்காது. அடித்து அடித்துப் பேட்டரி இறங்கும், பேட்டரி மோசம் என்று புதிது வாங்குவார்கள். பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்பை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்தால் நல்ல பிளக்கில் பல்பு எரியும், செத்ததில் எரியாது.

ஃபோர் வீல் லிவர் டூ வீலுக்கு வரமாட்டேன் என்கிறது என்பது தேரிப் பக்கத்திலிருந்து வருகிற நிரந்தரப் புகார். டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கத் தயாராகவே வருவார்கள். இந்த ஜீப்புகளில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஃபோர் வீலில் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் வேக வித்தியாசத்தை விழுங்க டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார்ரோட்டில் வழுக்க வழியில்லை. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போய், லிவர் பூட்டுகிற பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்னும். மணலை விட்டு ஏறியதும் லிவரை எடுக்காமல் திசையன்விளையிலிருந்து நாங்குநேரி வரைக்கும் தாரில் ஓட்டி வந்தவர்களும் உண்டு. நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனாலோ ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலோ முறுக்கு இறங்கி லிவர் தானாக வரும். ஸ்பேனரே தேவையில்லை.

ஆனால் மணலிலேயே லிவர் இறுகுகிறது, குதித்துக் குதித்துப் போகிறது என்றால் விஷயம் பெரிது. முதலில் டயரைப் பார்ப்பேன். பின்னால் புதுசும் முன்னால் தேய்ந்ததும் போட்டிருந்தாலே போதும். டயர் சரி என்றால் ஆக்சிலின் பல் கணக்கு. இப்படி ஒரு வண்டி வந்தது. முன் ஆக்சில் உடைந்து, பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்றை வாங்கிப் பூட்டியிருந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பழைய ஜீப்புகளில் 5.38 விகிதம் வரும், கிரவுனில் 43 பல், பினியனில் 8. சிலவற்றில் 4.88 வரும், அதில் 39க்கு 8. கவரைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு, மறு சக்கரத்தைத் தூக்கி அதன் டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட வேண்டும். சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். ஷாஃப்ட் ஐந்தைத் தாண்டி மூன்றிலொரு பங்குக்கு மேல் சுற்றினால் 5.38, ஐந்துக்குச் சற்று முன்னால் நின்றால் 4.88. முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று. அந்த ஜீப் ஃபோர் வீலில் ஓடிய ஒவ்வொரு மீட்டரிலும் தன்னோடு தானே சண்டை போட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸில் பற்கள் தப்பித்திருந்தது மணலின் புண்ணியத்தால்.

ஷாஃப்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதன் மூட்டில் உள்ள கிராஸை மாற்றிய பிறகு வண்டி நாற்பது, ஐம்பது வேகத்தில் அதிர ஆரம்பித்தால் புதுக் கிராஸைத் திட்ட வேண்டாம். ஷாஃப்டின் நடுவில் நழுவும் மூட்டை மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கழற்றும் முன்பே உளியால் ஒரு சின்ன அடையாளம் தட்டிவைக்கிற பையன் நல்ல மெக்கானிக் ஆவான்.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு டயர் பேலன்ஸ், அலைன்மென்ட் என்று நாகர்கோவில் வரை அலைந்துவிட்டு வருவார்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். பிரேக்கை ஒருவரை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். மேல் மூடிக்குக் கீழே உள்ள ஷிம் தகட்டில் மெல்லியதாக ஒன்றை எடுத்து இறுக்கம் கொண்டுவந்தால் பலமுறை அதிலேயே தீரும். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி மலைநம்பி. திருக்குறுங்குடியில் நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைநம்பி என்று ஐந்து நம்பிகள். ஐந்தாமவர் இருப்பது மகேந்திரகிரிப் பக்கத்துக் காட்டுக்குள், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில். அந்தப் பாதையில் ஆள் ஏற்றிப் போவது பழைய ஜீப்புகள்தான். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் கூட்டம் தாங்காது. பாறையும் கல்லும் வேர்களுமான பாதை. வண்டியில் வயசானவர்களும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். அதனால் புரட்டாசிக்கு முன்னால் வருகிற ஜீப்பை மட்டும் நான் அவசரத்தில் பார்ப்பதில்லை. உரிமையாளர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போனாலும் சரி.

ஏறுவதைவிட இறங்குவதைத்தான் கவனிக்க வேண்டும். டிரம் பிரேக் சூடேறினால் பிடி குறையும்; பிரேக் ஆயில் பழசாகித் தண்ணீர் உறிஞ்சியிருந்தால் கொதித்து, பெடல் பஞ்சாகிக் கீழே போகும். லோவில் போட்டு எஞ்சினால் பிடித்து இறக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் விகிதம் 2.46; அது இறங்கவும் செய்து வைத்த கியர்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவனிடம் மட்டும் நான் கடுமையாகப் பேசிவிடுவேன்.

பழைய ஜீப்புகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு டிரம். அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனிங் முழுக்க எண்ணெய், பிடிக்காது. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே போவதில் பலன் இல்லை. சீலை மாற்ற வேண்டும்; அதற்கு முன் டிரான்ஸ்ஃபர் கேஸில் காற்று போய்வருகிற பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தள்ளிவிடும். ஆக்சில் பிரீதர் அடைத்திருந்தால் இன்னொரு தொல்லை. சூடான ஆக்சில் நம்பியாற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சில் ஆயில் பால் நிறத்தில் வந்தால் அதுதான் காரணம். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு பிரீதரை விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி பால்.

ஷாஃப்டில் உள்ள அந்த ஹேண்ட் பிரேக்கால் இன்னொரு ஆபத்து உண்டு, பல டிரைவர்களுக்குத் தெரியாது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும் டிஃபரென்ஷியல் வழியாக இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுற்றலாம். ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் தரையில் நிற்கிற சக்கரம் உருளும். சரிவில் பஞ்சர் ஒட்டக் குனிகிறவன் மேல் வண்டி வரும். அதனால் மலைக்குப் போகிற ஒவ்வொரு ஜீப்பிலும் சீட்டுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை போட்டு அனுப்புகிறேன். வேப்பமரக் கட்டை, முக்கோணமாக அறுத்தது. பில்லில் அதற்குக் காசு சேர்ப்பதில்லை.